உஷார்! டிக்கியில் பாட்டில், முன்னால் எல்லை

கடலூர், விழுப்புரம் மாவட்டச் செய்திப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு ஒரு குட்டி அறிவிப்பு பழக்கமாகியிருக்கும். மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதல் செய்யப்பட்ட இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் இன்ன தேதியில் பொது ஏலம் விடப்படும், விருப்பமுள்ளவர்கள் முன்பணம் கட்டிப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். செய்தி அவ்வளவுதான். அந்த வண்டியை ஓட்டி வந்தவர் யார், குடும்பத்தோடு வந்தாரா, மாதத் தவணை பாக்கி இருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்காது. உங்கள் கார் அந்த ஏல வரிசையில் போய் நிற்க வேண்டாம் என்றால் கடற்கரைச் சாலைப் பயணத்துக்கு மூட்டை கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

பயணத் திட்டம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிப்பது. மாமல்லபுரத்தில் காலைச் சாப்பாடு, ஆலம்பரைக் கோட்டையில் ஒரு படம், மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிப் புதுச்சேரி. அங்கே ஓர் இரவு. மறுநாள் தெற்கே அரியாங்குப்பம், நோணாங்குப்பம், எங்கள் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர். அப்புறம் பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி என்று அவரவர் விடுமுறைக்குத் தகுந்த தூரம். அவசரமே இல்லாமல் சின்னச் சின்ன ஊர்களில் நின்று நின்று போகிற அருமையான பாதை. போகவே போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் இந்தப் பாதையில் மூன்று இடத்தில் கண்ணி இருக்கிறது, மூன்றிலும் பாட்டில் இருக்கிறது.

முதல் கண்ணி, கண்ணுக்குத் தெரியாத எல்லை.

புதுச்சேரி என்பது கோடு போட்டுச் சுற்றிவளைத்த ஒரே நிலப்பரப்பு அல்ல. 1816-ல் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்த கிராமங்கள் சிதறிக் கிடந்தபடியே கிடந்தன. அதே சிதறலோடு 1954 நவம்பர் 1-ம் தேதி அவை இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தன. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்தன. இன்றைக்கும் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தமிழ்நாட்டுக்குள் புதுச்சேரித் துண்டும் புதுச்சேரியை ஒட்டித் தமிழ்நாட்டுத் துண்டுமாக மாறி மாறி வரும். சென்னையிலிருந்து வருகிறவர் காலாப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைகிறார். பொம்மையார்பாளையம் வந்ததும் மறுபடி தமிழ்நாடு. சின்ன முதலியார்சாவடி, கோட்டக்குப்பம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். முத்தியால்பேட்டையில் திரும்பவும் புதுச்சேரி. வண்டியில் இருப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. கொடிக்கம்பங்களும் கடைப் பலகைகளும் மட்டும்தான் மாறும்.

தெற்கிலும் இதே கதைதான். தவளக்குப்பம் சந்திப்பில் மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம். அது புதுச்சேரி. அதை ஒட்டி நரசிம்மர் கோயில் இருக்கிற சிங்கிரிகுடி கடலூர் மாவட்டம். நெடுஞ்சாலையிலேயே தெற்கு நோக்கிப் போனால் ரெட்டிச்சாவடி காவல் நிலையம் வரும், அதுவும் கடலூர் மாவட்டக் காவல் நிலையம். கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் புதுச்சேரி. முள்ளோடை தாண்டினால் ஆல்பேட்டைச் சோதனைச்சாவடி, தமிழ்நாடு. இந்த ஊர்க்காரர்களுக்கு எந்த வீடு எந்த அரசாங்கம் என்று தெரியும். வாடகைக் காரில் கூகுள் மேப்பைப் பார்த்துக்கொண்டு வருகிறவருக்குத் தெரியாது. சோதனைச்சாவடியைத் தவிர்க்கலாம் என்று நினைத்துக் குறுக்குச் சாலையில் புகுந்தவரும் மாட்டிக்கொள்வார். எல்லைக் கிராமச் சாலைகளில்தான் ரோந்து வண்டிகள் அதிகம் சுற்றுகின்றன.

அந்த எல்லையைப் பாட்டிலோடு தாண்டினால் என்ன ஆகும்? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ஆமாம், அதே 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த சட்டம்தான். 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில் வரவில்லை. எல்லை தாண்டிக் குடிக்கப் போவதும் பாட்டிலை ஒளித்துக் கொண்டுவருவதும் அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பிறகு தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 2003 நவம்பரிலிருந்து அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது. கடையை நடத்துவதும் அரசு, மதுவிலக்கு அமலாக்கப் பிரிவை நடத்துவதும் அரசு. இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு சிரிக்காதீர்கள். சட்டம் உயிரோடுதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் வரி கட்டாத, தமிழ்நாட்டுக் கடையில் வாங்காத பாட்டிலை உரிய அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுவருவது குற்றம். வழக்கு போடலாம், கைது செய்யலாம். அந்தச் சட்டத்தின் 14(4) பிரிவின் கீழ் பாட்டிலை ஏற்றி வந்த வண்டியையே அரசுடைமையாக்க நடவடிக்கை எடுக்கலாம். வண்டி உங்கள் பெயரில் இருந்தாலும், மாமனார் பெயரில் இருந்தாலும், வாடகைக்கு எடுத்ததாக இருந்தாலும் கதை அதே கதைதான். வண்டியின் சொந்தக்காரர் தனக்கு எதுவும் தெரியாது என்று நிரூபிக்க நடையாய் நடக்க வேண்டும்.

இங்கே வந்து போகிறவர்கள் வாயில் சில வசனங்கள் தயாராக இருக்கும். "சீல் உடைக்கலை சார்." "பில் இருக்கு சார்." "ஒரே ஒரு ஃபுல்தான் சார், கல்யாண நாளு." "ஆளுக்கு ரெண்டு கொண்டுபோகலாம்னு கடையிலேயே சொன்னாங்க." இதில் கடைசி வசனம்தான் ரொம்ப ஆபத்து. கடைக்காரருக்கு வியாபாரம் ஆக வேண்டும். அவர் விற்பது புதுச்சேரிக் கலால் துறையின் உரிமத்தில், அவருடைய எல்லைக்குள் அது முழுக்கச் சட்டப்படியானது. எல்லைக்கு அப்பால் நீங்கள் படப்போகும் பாட்டுக்கு அவர் பொறுப்பாளி அல்ல. பில்லைக் காட்டினால் என்ன ஆகும் தெரியுமா? வெளிமாநில மது என்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்ததாக ஆகும். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு, திண்டிவனம் சாலையில் பட்டானூர், தெற்கே ஆல்பேட்டை. இவை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சோதனை இடங்கள். காரைக்காலுக்கும் இதே விதிதான். வடக்கே நண்டலாறு, தெற்கே நாகூருக்கு முன்னால் வாஞ்சூர். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்துவிட்டுக் காரைக்காலில் மதியம் தங்கி, மாலை நாகூர் போகிறவர் ஒரே பகலில் இரண்டு முறை எல்லை தாண்டுகிறார்.

விலை மலிவு என்பதால்தானே வாங்கத் தோன்றுகிறது? கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2020 மே மாதத்திலிருந்து ஏறக்குறைய ஓராண்டு புதுச்சேரி அரசு சிறப்புக் கலால் வரி போட்டுத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக்கி வைத்திருந்தது. அந்த வரி போனதும் பழையபடி கூட்டம் வந்தது. ஒரு பாட்டிலில் மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு ஒரு காரைப் பணயம் வைக்கிற கணக்கு எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்ததோ! மிச்சம் பிடித்தே தீர வேண்டும் என்றால் பெட்ரோல் டேங்க்கை இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். இங்கே அதுவும் விலை குறைவு, அதற்கு எந்தச் சாவடியிலும் வழக்கில்லை. கேனில் மட்டும் பிடிக்காதீர்கள்.

குடித்தே ஆக வேண்டும் என்கிறவர் இங்கேயே, உரிமம் உள்ள ஓட்டலில் அல்லது பாரில் குடித்துவிட்டு இங்கேயே தூங்கட்டும். மறுநாள் காலையில் கிளம்பும்போது டிக்கி, டேஷ்போர்டு, சீட்டுக்கு அடியில், குழந்தையின் பை வரைக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நண்பர்களோடு போகிற வண்டியில் மாட்டுவது பெரும்பாலும் எவனோ ஒருத்தன் சொல்லாமல் வைத்த பாட்டில்தான். வாடகை வண்டி ஓட்டுகிற அண்ணன்மார்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சவாரி ஏற்றும் முன் டிக்கியில் என்ன இருக்கிறது என்று வாயைத் திறந்து கேளுங்கள். சவாரிக்காரர் பேருந்து ஏறிப் போய்விடுவார், வண்டி உங்களுடையது.

இரண்டாவது கண்ணி, பாட்டிலுக்குள் இருப்பது.

2023 மே மாதம், மரக்காணம் அருகே எக்கியார்குப்பம். இந்தக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவக் கிராமம்தான். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு விழுந்தது. இரண்டும் சேர்ந்து இருபதைத் தாண்டியது. அடுத்த ஆண்டு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். அறுபத்தைந்து பேருக்கு மேல். ஜிப்மர் மருத்துவமனைக்கும் அங்கிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு அரசு 1937-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயம் விற்று அதனால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை என்று கடுமையாக்கியது.

அதெல்லாம் ஏழை பாழைகள் குடிக்கிற பாக்கெட் சாராயம், நமக்கென்ன என்று சுற்றுலா வருகிறவர் நினைப்பார். அங்கேதான் உஷார் வேண்டும். புதுச்சேரியில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் உரிமத்தோடு நடக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு, தோப்புக்குள் கேனில் ஊற்றிக் கொடுப்பதையும் இதே வகை என்று நம்பி, 'உள்ளூர் ருசி' பார்க்க ஆசைப்படுகிறார்கள். படம் எடுத்துப் போடவும் செய்கிறார்கள். உரிமக் கடை வேறு, தோப்பு வேறு. லேபிள் ஒட்டி மூடி போட்ட போலி பாட்டில்களும் இந்த எல்லைப் பகுதியில் அவ்வப்போது பிடிபடுகின்றன. கடைக்கு வெளியே, வண்டியருகே வந்து, விடுதி வாசலில் நின்று, பாதி விலைக்கு எவர் நீட்டினாலும் வாங்காதீர்கள். மூடியின் சீல், கலால் துறை ஒட்டுவில்லை, லேபிளின் எழுத்துப் பிழை, இவற்றைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் கீழே ஊற்றிவிடுங்கள்.

மெத்தனாலை வாசனையோ ருசியோ காட்டிக்கொடுக்காது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது, வழக்கமான போதைதான். அது கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாற மணிக்கணக்கில் ஆகும். பாதி நாள், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்ணில் பனிமூட்டம் போன்ற மறைப்பு எல்லாம் தொடங்கும். அதற்குள் நீங்கள் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்திருப்பீர்கள். "ராத்திரி குடிச்சது ஒத்துக்கலை, மோர் குடிச்சாச் சரியாப்போகும்" என்று படுத்துவிடாதீர்கள். பார்வை மங்கினால் அது வெறும் தலைவலி அல்ல. 108-ஐ அழையுங்கள், என்ன குடித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மிச்சம் இருந்தால் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. நேரத்தோடு போனால் கண்ணும் உயிரும் தப்பும். கடலூர் சாலையிலேயே கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பகுதியில் இரண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. வடக்கே கோரிமேட்டில் ஜிப்மர்.

நடுவே ஒன்று சொல்லிவிடுகிறேன். திராட்சைத் தோட்டமும் ஒயின் பண்ணையுமாக இருக்கும் என்று நினைத்துப் புதுச்சேரிக்கு வருகிறவர்களும் உண்டு. பிரெஞ்சுக்காரர் இருந்த ஊர் அல்லவா? இங்கே மண்ணில் விளைவது நெல்லும் தென்னையும் சவுக்கும்தான். தமிழ்நாட்டில் திராட்சைக் கொடியைப் பார்க்க வேண்டுமானால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போங்கள், அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஒயினுக்கும் இந்தக் கரைக்கும் பழைய தொடர்பு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தவளக்குப்பத்துக்கு வடக்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், அடுத்து காசால், 1989-லிருந்து 1992 வரை விமலா பெக்லி குழு. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஒயின் ஏற்றிவந்த ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் அங்கே கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் வந்திறங்கிய சரக்கு! பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. மழை பெய்த மறுநாள் மண்ணில் பாசிமணியும் ஓட்டுச்சில்லும் தலைகாட்டும். பிள்ளைகள் பொறுக்கிச் சட்டைப்பையில் போடுவார்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், எடுத்துப்போவது குற்றம். 'அரிக்கமேட்டுப் பழைய மணி' என்று யாராவது விற்க வந்தால் ஒன்று அது பொய்யாக இருக்கும், உண்மையாக இருந்தால் வாங்குகிறவருக்கும் வம்பு.

மூன்றாவது கண்ணிதான் ஆட்களைக் கொல்வது. குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் குடித்துவிட்டுக் கடலில் இறங்குவதும்.

சாலையை முதலில் பார்ப்போம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை நான்கு வழியாக்கும் வேலை நடந்துவருகிறது. மாற்றுப் பாதை, திடீர்ப் பள்ளம், எதிர்த்திசையில் வரும் வண்டி, பாதி போட்டு நிற்கும் பாலம் எல்லாம் அந்தப் பகுதியில் எதிர்பார்க்க வேண்டியவை. மரக்காணத்தில் உப்பு லாரிகள். கடலூர் தாண்டினால் அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், சுற்றிலும் கல் அடுக்கியிருக்கும், இரவில் அந்தக் கல் தெரியாது. மாடுகள் தார்ச் சூட்டுக்காகவே நடுச்சாலையில் படுக்கும். தவளக்குப்பம் சந்திப்பு மாதிரியான இடங்களில் நான்கு பக்கமும் பேருந்து, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள், மீன் கூடை வைத்த வண்டி, நடுவே சென்னை வேகத்தில் ஒரு கார். இந்தச் சாலையைத் தெளிந்த கண்ணோடு ஓட்டுவதே கஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு ஆண்டு, பதினைந்தாயிரம். "ரெண்டே ரெண்டு பீர்தான்" என்கிற கணக்கு ஊதும் கருவிக்குத் தெரியாது. விபத்து ஆகிவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டுக் கோரிக்கையையும் நிறுவனம் நிராகரிக்கும். ராத்திரி இரண்டு மணி வரை குடித்துவிட்டுக் காலை ஆறு மணிக்குக் குளித்து விபூதி பூசிக்கொண்டு வண்டியை எடுத்தாலும் உடம்புக்குள் இருப்பது அப்படியேதான் இருக்கும். கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், காபிக்கும் எலுமிச்சைக்கும் அது அசையாது.

வாடகை ஸ்கூட்டர் எடுக்கும் இளைஞர்களே, நம்பர் பலகையைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது வாடகைக்கு உரிமம் பெற்ற வண்டி. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் காப்பீட்டில் சிக்கல். அசல் ஓட்டுநர் உரிமத்தையும் ஆதாரையும் அடகு மாதிரி கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஹெல்மெட் போடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து புதுச்சேரியிலும் கெடுபிடிதான், 'பாண்டியில் கேட்க மாட்டாங்க' என்பது பழைய செய்தி. அறை பதிவு செய்வதிலும் ஏமாற்று உண்டு. கடற்கரை விடுதிப் பெயரில் போலி இணையப் பக்கம் வைத்து முன்பணம் வாங்கி மறைகிறார்கள். விடுதியின் தொலைபேசிக்கு நேரடியாகப் பேசாமல் பணம் அனுப்பாதீர்கள், அனுப்பி ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

இனிக் கடல்.

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை. அங்கிருந்து படகில் போனால் முகத்துவாரத்தை ஒட்டிய மணல்திட்டு, பாரடைஸ் பீச். எங்கள் பக்கம் நல்லவாடு, புதுக்குப்பம், மணப்பட்டு என்று வரிசையாகக் கடற்கரைகள். படத்தில் எல்லாமே அமைதியாகத்தான் தெரியும். வங்கக் கடலின் இந்தக் கரை சட்டென்று ஆழமாகும் கரை. அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும் அல்லவா? இரண்டு அலைக்கூட்டத்துக்கு நடுவே அலையே உடையாமல், கொஞ்சம் கறுத்து, அமைதியாக ஒரு பட்டை தெரியும். தெரியாதவர்கள் குழந்தைக்கு இதுதான் பாதுகாப்பான இடம் என்று அங்கேதான் இறங்குவார்கள். தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடும் வழியே அதுதான். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஆற்று இழுப்பும் சேரும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், எந்த நீச்சல்காரனையும் அது களைப்பாக்கிவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து வெளியே வந்தபிறகு கரைக்குத் திரும்புங்கள். இதையெல்லாம் குடிக்காத மூளை நினைவு வைத்துக்கொள்ளும். குடித்த மூளை, தான் மைக்கேல் ஃபெல்ப்ஸ் என்று நினைக்கும். ஒருவரை இழுத்தால் காப்பாற்றக் கையைக் கோத்துக்கொண்டு வரிசையாக இறங்காதீர்கள். கயிறு, காலிக் கேன், டயர் டியூப் எது கிடைத்தாலும் எறிந்துவிட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

காற்றில்லாத நாளிலும் கடல் ஏமாற்றும். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டது. புயலும் இல்லை, மழையும் இல்லை. எங்கோ தொலைவில் பெருங்கடலில் வீசிய காற்றினால் கிளம்பி வந்த கள்ளக்கடல் அலை. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் முன்னதாகவே எச்சரிக்கை கொடுத்திருந்தது. எச்சரிக்கைக்கும் பயணம் வருகிறவனுக்கும் நடுவே யாராவது ஒருவர் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, சொன்னால் அவன் கேட்கவும் வேண்டியிருக்கிறது.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நல்லவாடு கிராமமே சாட்சி. 2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராம அறிவு மையம் வைத்து, ஒலிபெருக்கியில் கடல் நிலவரத்தை தினமும் அறிவித்துவந்தது. அந்த ஒலிபெருக்கியில் கடற்கரையை விட்டு ஓடச் சொன்னார்கள். ஊர் முழுக்க ஓடியது. வீடும் வலையும் படகும் போயின, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள். அதே கரையில் இன்றைக்கு மீனவப் பெரியவர் ஒருவர் "தம்பி, இன்னிக்கு இறங்காதீங்க, தண்ணி சரியில்ல" என்றால், பத்து ரூபாய் தண்ணீர் பாட்டிலைக் கையில் ஆட்டிக்கொண்டு "எங்களுக்கு நீச்சல் தெரியும் பெரியவரே" என்று சிரிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் பாட்டிலில் இருப்பது தண்ணீராக இருப்பதும் அபூர்வம்.

ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டிய மழை. விடிந்தால் வெயில் வரும், கிளம்பலாம் என்று பலரும் நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. கடலூரும் பாகூர்ப் பகுதியும் மூழ்கின, புதுச்சேரி கடலூர் போக்குவரத்து அறுந்தது. மழை நின்றபிறகு வந்த வெள்ளம் அது. தென்பெண்ணை, மலட்டாறு, கெடிலம், கொள்ளிடம் என்று இந்தச் சாலை வரிசையாக ஆறுகளைக் கடக்கிறது. அத்தனையும் மேற்கே எங்கோ பெய்த மழையைச் சுமந்துவருபவை. வானிலை அறிக்கையோடு அணை நிலவரத்தையும் பாருங்கள். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் முன்னால் போன பேருந்தை நம்பி உங்கள் காரை விடாதீர்கள்.

சாலையில் அவசரம் என்றால் 1033, மற்றதற்கெல்லாம் 112. இந்த இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். நீங்கள் போகாவிட்டாலும் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இந்தச் சனிக்கிழமை கிளம்பத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் கட்டாயம் இருக்கும். அவர்கள் வண்டியை எடுப்பதற்கு முன் இதை வாசித்துக் காட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்கவும் தயங்காதீர்கள்.